ஒரு பக்கம் தேய்ந்த டயர்

1998 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அப்பாதான் முதலில் எழுந்தார். பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, பழைய பனியன் துணியும் மண்ணெண்ணெய்க் கிண்ணமுமாகக் கீழே இறங்கி மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். அந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டேங்க், பிறகு விளக்கு, பிறகு சங்கிலி, கடைசியில் சக்கரங்கள். மேலே அம்மா இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டுத் தேங்காய் துருவினாள். நான் பல் துலக்கிக்கொண்டே மாடிக் கம்பிகளின் இடைவெளியில் முகத்தை வைத்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஞாயிறுகள் எல்லாமே இப்படித்தான் தொடங்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் பின்னால்தான் வந்தது. இருந்தும் இந்தத் தேதியை என்னால் தவறாமல் சொல்ல முடிகிறது. சமையலறைக் காலண்டரில் அதற்கு அடுத்த நாளைச் சுற்றி அம்மா பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். அந்தத் திங்கட்கிழமை அவள் ஒரு கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் செகந்திராபாத்தில் மாரெட்பள்ளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். அம்மா கணிதப் பட்டதாரி. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போனதில்லை. இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று சொல்லி, அதைச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாவும் அமீர்பேட்டையில் ஒரு வருடம் வகுப்புக்குப் போனாள். வேலையும் கிடைத்தது. ஆனால் சென்னையில்.

அவள் அப்பாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. போகட்டுமா, வேண்டாமா? அப்பா சொன்ன பதிலும் ஒன்றுதான். “யோசிச்சுச் சொல்லுதேன்.” அதன் பிறகு மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா போய்விடுவாளா, இருப்பாளா என்பது அவருடைய வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் இருந்தது. எனக்கு அந்தச் சொல் “வேண்டாம்” என்று இருக்க வேண்டும். அதற்காகத் தெருமுனைப் பிள்ளையாரிடம் தனியாகவும் பேசியிருந்தேன்.

வண்டியில் எங்கள் மூவருக்கும் இடம் நிலையானது. டேங்க் மேல் நான். எனக்குப் பின்னால் அப்பா. அவருக்குப் பின்னால் அம்மா, புடவையில், இரண்டு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு. தலைக்கவசம் அப்பாவுக்கு மட்டும். பாதுகாப்பில் அத்தனை கண்டிப்பான மனிதர் மூன்று பேரை ஒரு வண்டியில் ஏற்றியது எப்படி என்று இன்று கேட்கலாம். அந்தக் காலத்தில் டேங்க் மேல் உட்காரும் பிள்ளை கணக்கில் சேராது. அந்த வருடம் என் முட்டிகள் ஹேண்டில்பாரில் இடிக்கத் தொடங்கியிருந்தன. யாரிடமும் சொல்லாமல் கால்களை ஒடுக்கிக்கொள்வேன். சொன்னால் இடம் பறிபோய்விடும்.

அம்மாவின் கைகளுக்கு இரண்டு நிலைகள் உண்டு. வீட்டில் எல்லாம் சரியாக இருந்தால் வலது கை அப்பாவின் வலது தோளில் இருக்கும். சரியில்லை என்றால் அந்தக் கை மடியிலிருக்கும் பையைப் பிடித்துக்கொள்ளும். இடது கை இருக்கைக்குப் பின்னாலுள்ள கம்பிக்குப் போய்விடும். டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் எனக்கு வலப்பக்கக் கண்ணாடியில் அப்பாவின் தோள் மட்டும் தெரியும். அந்தத் தோளில் நாலு விரல்கள் தெரிந்தால் அன்று ராத்திரி வீட்டில் பேச்சு இருக்கும், சிரிப்பு இருக்கும். தெரியாவிட்டால் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான். மூன்று வாரமாகக் கண்ணாடியில் வெறும் சட்டைதான் தெரிந்தது.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். என் வகுப்புத் தோழியின் அண்ணன் சடன் பிரேக் போடுவதில் பேர்போனவன். பின்னால் இருப்பவர்கள் அலறிக்கொண்டு அவன் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்களாம். அப்பாவும் ஒரு தடவை அப்படிப் போட்டால் அம்மா பிடித்துத்தானே ஆக வேண்டும். ஒரு தடவை பிடித்த கையை எடுக்க மாட்டாள் என்பது என் கணக்கு.

ஆனால் அப்பா பிரேக் போடுகிறவர் அல்ல. அதாவது, அவர் போடுவது யாருக்கும் தெரியாது. சிக்னல் கண்ணில் படும்போதே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவார். பிறகு கியரைக் குறைப்பார். பின் பிரேக்கைப் பாதம் வைத்தாற்போல மிதிப்பார். அதற்குப் பிறகுதான் முன் பிரேக்குக்கு இரண்டு விரல். “வண்டி நின்னதே பின்னால இருக்கவங்களுக்குத் தெரியக் கூடாது” என்பார். தெருவில் இளவட்டங்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது “அங்கிள், பெட்ரோல் ஆயிபோயிந்தா?” என்று பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என விசாரித்துவிட்டுப் போவார்கள். அப்பா தலையசைப்பார்.

அன்று காலை சக்கரத்தைத் துடைத்தவர் வெகுநேரம் பின் டயரைப் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார். இட்லி சாப்பிட்டதும், “ஏட்டி, வாரியா? டயர் மாத்திட்டு வருவோம்” என்றார்.

“ஹவ்” என்றேன்.

“ஹவ் இல்ல. ஆமா.”

“ஆமா.”

மார்க்கெட் பக்கத்தில் ஒரு பாயின் டயர் கடை இருந்தது. பாய் பின் சக்கரத்தைக் கழற்றி உருட்டிப் பார்த்துவிட்டு, “ஏக் தரஃப் கிஸ்கயா சாப்” என்றார். ஒரு பக்கம் தேய்ந்துவிட்டதாம். அப்பாவுக்கு அது காலையிலேயே தெரியும். நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் ரப்பரில் வெட்டியிருந்த பூக்கள் மழுங்கி வழவழவென்று இருந்தன. இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஆழம் இருந்தது. அம்மா இடப்பக்கமாகக் கால் போட்டு உட்காருவதால் அவளுடைய கனம் அந்தப் பக்கம் இழுக்கும். விழாமல் இருக்க வண்டியை வலப்பக்கம் துளி சாய்த்தே ஓட்ட வேண்டும். அதனால் டயரும் வலப்பக்கம் தேயும். இதை அப்பா பாயிடம் ஹிந்தியில் விளக்கினார்.

“பேகம்சாபை ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள்” என்றார் பாய், தன் பாஷையில்.

“நான் சொல்லி எதுவும் நடக்கிற வீடு இல்ல பாய்” என்று அப்பா சொன்னார். பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். தன் வீடும் அப்படித்தான் என்றார்.

பாய் இரண்டு டயர்களை எடுத்து வைத்தார். ஒன்று கெட்டி ரப்பர்; பல வருடம் ஓடும். இன்னொன்று மெத்தென்றது, ஈரத்தில்கூட ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். எங்கள் வீட்டில் செருப்பிலிருந்து பிரஷர் குக்கர் வரை எது நாள்பட உழைக்குமோ அதைத்தான் வாங்குவோம். அப்பா இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மெத்தென்றதைக் காட்டினார்.

“இது தேயுமே சாப்.”

“தேயட்டும்.”

புது டயரைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது நான் என் விண்ணப்பத்தைப் போட்டேன். “அப்பா, சாயந்தரம் போகும்போது ஒரே ஒரு தடவை சடன் பிரேக் போடுங்க.”

“எதுக்கு?”

காரணம் சொல்ல முடியாது. “சும்மா.”

“புது டயர் மேல மெழுகு மாதிரி ஒரு வழுக்கு இருக்கும்டி. அது ஓடித் தேஞ்சு போகணும். அதுவரைக்கும் அழுத்திப் பிடிச்சா வாலு சுத்திரும். நான் பிரேக் போட மாட்டேன். நீ கேட்டாலும் போட மாட்டேன், யாரு கேட்டாலும் போட மாட்டேன்.”

வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

சாயந்தரம் நாங்கள் போக வேண்டியிருந்தது உப்பலுக்கு. அங்கே பெரியப்பா இருந்தார், அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அம்மாவின் வேலை விஷயம் அவர் காதுக்கு எட்டி, “ஞாயித்துக்கிழம மூணு பேரும் வாங்க” என்று பக்கத்து வீட்டுப் போனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் ஒன்று சொல்லி அப்பா மறுத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அம்மா வண்டியில் ஏறும்போதே முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தாள். மாரெட்பள்ளியிலிருந்து தார்நாகா வழியாக உப்பல் வரை, கண்ணாடியில் வெறும் சட்டை.

பெரியப்பா கோபக்காரர் இல்லை. கேலி செய்தே ஆளை உட்கார வைத்துவிடுவார். வாசலிலேயே புது டயரைப் பார்த்துவிட்டார்.

“என்னலே, டயர் புதுசு? மெட்ராஸ் சம்பளம் அதுக்குள்ள வந்துட்டா?”

“பழசு தேஞ்சுட்டுண்ணே.”

“நீயும்தான் தேஞ்சு போயிட்ட. உன்ன மாத்தவா முடியும்?” என்றவர் என்னைப் பார்த்து, “உனக்கு இனி யாருட்டி சடை பின்னுவா? உங்கப்பனா?” என்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே பெரியம்மா வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்திருந்தாள். அம்மா எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நின்றுகொண்டாள். முன்னறையில் பெரியப்பாவின் குரல் மட்டும் கேட்டது. அப்பாவுடையது கேட்கவில்லை. சற்று நேரம் பொறுத்துப் பார்த்த பெரியம்மா என் தோளைத் தட்டினாள். “ஏட்டி, முன்னால என்ன நடக்குன்னு பாத்துட்டு வா. பூனை மாதிரிப் போ.”

நான் போனேன். கதவு நிலையருகில் நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா எழுந்து நின்றிருந்தார். பெரியப்பாவுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை. அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் என் காதில் விழுந்தது. அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. காலையில் நான் கேட்டதை இவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று. திரும்பி வந்துவிட்டேன்.

“என்னட்டி?”

“ஒண்ணும் இல்ல. அப்பா பிரேக் போட மாட்டாராம்.”

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. “என்ன சொன்னார்? அவர் சொன்னத அப்படியே சொல்லு.”

“‘யாரு என்ன சொன்னாலும் சரிண்ணே, நான் பிரேக் போட மாட்டேன்’னார்.” எனக்கு அழுகை வரும்போல இருந்தது. “காலையில டயர் கடையிலயே எங்கிட்டச் சொல்லிட்டார். இங்கயும் வந்து அதையே சொல்லுதார்.”

“உங்கிட்டயா? காலையிலயா சொன்னார்?”

“ஹவ். யாரு கேட்டாலும் போட மாட்டேன்னார்.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “பாத்தியா தம்பிய! பிள்ளைகிட்டச் சொல்லத் தெரியுது, பெண்டாட்டிகிட்டச் சொல்ல வாய் வரல. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் ஏதோ சொன்னாள். சட்டியில் கிடந்த பஜ்ஜிகள் ஒரு பக்கம் கருகிவிட்டன. வேறு நாளாக இருந்தால் அம்மா அவற்றை ஒதுக்கிவிடுவாள். அன்று தட்டில் எடுத்துவைத்து, நின்றுகொண்டே அவளே தின்றாள்.

என்னைப் பார்த்துத்தான் பெரியம்மா சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அந்த அவமானத்தில், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது பெரியப்பா வாசல்வரை வந்தார். கேலி எதுவும் செய்யவில்லை. “தூத்தல் போடுது, பாத்துப் போ” என்றார், அவ்வளவுதான். இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் டேங்க் மேல் ஏறினேன். அப்பா வண்டியைக் கிளப்பினார். அம்மா பின்னால் உட்காருவது சக்கரம் அமுங்கியதில் தெரிந்தது. தெருமுனை வந்து நான் கண்ணாடியைப் பார்த்தேன். தோளில் நாலு விரல்கள் இருந்தன.

சடன் பிரேக் இல்லாமலே நடந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளையார் கேட்டுவிட்டார். அம்மா போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கற்ற தெலுங்குப் பாட்டு ஒன்றை உரக்கப் பாடத் தொடங்கினேன். தூறல் முகத்தில் அடித்து வாய்க்குள் போனது. அப்பா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். நான் நிறுத்தவில்லை.

ஹப்சிகூடாவைத் தாண்டும்போது ஒரு எருமை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தெருவோரத்திலிருந்து நேராக எங்கள் முன்னால் நடந்து வந்தது. அப்பா மிதித்தார். பாதம் வைத்தாற்போல அல்ல. ஈரத்தில் புது டயர் வழுக்கி, வண்டியின் பின்பகுதி இடப்பக்கமாக விலகிப் போனது. அந்தக் கணத்தில் அவர் செய்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பின் பிரேக்கை விட்டுவிட்டார். விட்டதும் சக்கரம் உருண்டு தன் வழிக்கு வந்தது. பிறகு முன் பிரேக்கில் இரண்டு விரல், அதே பழைய மெதுவோடு. வண்டி எருமையின் வயிற்றுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. எருமை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். விரல்கள் தோளில் இல்லை. அம்மாவின் கை முழுவதுமாக அப்பாவின் மார்புக்கு வந்து, எனக்கும் அவருக்கும் நடுவில் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அவளுடைய மணிக்கட்டு என் முதுகில் அழுந்தியது.

அப்புறம் அம்மா சொன்னாள், “பிரேக் போட மாட்டேன்னீங்க. போட்டுட்டீங்களே.”

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பி அவளைப் பார்த்தார். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்திருப்பார். “எருமைக்குப் போட்டேன்” என்றார். “உனக்குப் போடல.”

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். அப்பாவும் சிரித்தார். அத்தனை நாள் சிரிக்காததை எல்லாம் சேர்த்து, நடுச்சாலையில், வண்டியை நிறுத்தியபடியே சிரித்தார்கள். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திவிட்டு, பிறகு சுற்றிக்கொண்டு போனார். எருமைக்குப் போட்டதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அவர்களைவிட உரக்க நான் சிரித்தேன். மழை வலுத்துக்கொண்டிருந்தது. என் முதுகில் அம்மாவின் கை, இரு பக்கமும் அப்பாவின் கைகள், நடுவில் நான். உலகத்தில் வேறு எங்கேயும் அத்தனை இடுக்கமான, அத்தனை வசதியான இடத்தில் நான் பிறகு உட்கார்ந்ததில்லை.

அப்பா டயர் கடையில் என்னிடம் சொன்னது டயரைப் பற்றித்தான். அம்மாவுக்கு நான் கொண்டுபோய்ச் சேர்த்தது வேறொரு செய்தியாகிவிட்டது. அவர் காலையிலேயே முடிவு செய்துவிட்டார், அண்ணன் முகத்துக்காகக் காத்திருக்கவில்லை என்று அவள் நம்பினாள். அது உண்மையா என்று நான் அப்பாவிடம் கேட்டதில்லை. சீக்கிரம் தேயும் டயரை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்றும் கேட்டதில்லை.

அம்மா சென்னையில் ஒன்றரை வருடம் இருந்தாள். பிறகு அமெரிக்காவில் இரண்டு வருடம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டிகள் இருப்பதால் ஸ்டேஷனிலிருந்தோ ஏர்போர்ட்டிலிருந்தோ ஆட்டோவில்தான் வருவோம். அப்பா எனக்குச் சடை பின்னினார். இரண்டும் ஸ்கேல் வைத்து அளந்ததுபோலச் சமமாக இருக்கும். நான் டேங்கிலிருந்து பின் இருக்கைக்கு மாறினேன், இரண்டு பக்கமும் கால் போட்டு. அந்த மெத்தென்ற டயர் தேய்ந்து மாற்றப் போனபோது, பாய் அதைக் கழற்றி உருட்டிப் பார்த்து, “இந்தத் தடவை பராபர் தேய்ந்திருக்கிறது சாப்” என்று பாராட்டினார். நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே அளவு. அப்பா அதைக் கையில் வாங்கி, எங்கேயாவது வித்தியாசம் இருக்கிறதா என்று தேடுவதுபோல மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அம்மா நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது நான் அவள் தோளுக்கு வளர்ந்திருந்தேன். அவள் சம்பளத்தில் கார் வந்தது. முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தேவையும் இல்லை, வழியும் இல்லை. எங்கள் குடும்பத்தில் குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனது மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துபோனது.

அன்று நனைந்த துணிகளை மாடியில் குறுக்கே கட்டிய கயிற்றில் காயப்போட்டோம். சீக்கிரமே தூங்கிவிட்டேன். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக அம்மா அப்பாவிடம் சொல்லிப் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்க வைத்தாள். அதைத் துடைக்க நானே ஈரத்துணி நனைத்துக்கொண்டு வந்தேன். ஜூலை மாதம், ஊர்ப் பக்கம் சாரல் விழும் காலம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“குத்தாலத்துக்காம்மா?” என்றேன். “மூணு பேர் துணியும் இதுக்குள்ள கொள்ளுமா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஸ்டூலிலிருந்து இன்னும் இறங்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“ஓரத்துலயும் நல்லாத் துடைட்டி” என்றாள் அம்மா.

நான் ஓரங்களையும் துடைத்தேன்.